இதுவும் ஒரு டெஸ்ட்தான்

போன மாதம் ஒரு ராத்திரி, என் பழைய டீமில் இருந்த ஒரு பெண் போன் செய்து ஒரு விஷயம் கேட்டாள். சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. ‘நாளைக்குச் சொல்றேன்மா’ என்று வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. லேப்டாப்பைத் திறந்து ‘தி ரெக்ரூட்’ படத்தைப் போட்டேன். அவள் கேட்டதற்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பிறகு சொல்கிறேன். முதலில் படம்.

2003-ல் வந்தது. ரோஜர் டொனால்ட்சன் இயக்கம். அல் பசீனோ, காலின் ஃபாரெல், பிரிட்ஜெட் மொய்னஹன் நடித்தது. உளவுப் படங்களுக்கு யார் பட்டியல் போட்டாலும் இதற்கு அதில் இடம் கிடைப்பது கஷ்டம். அது நியாயம்தான். ஆனால் எனக்கு இதன்மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. 2008-ல் ஹாஸ்டலில், டிசி++ வழியாக யாரோ ஷேர் செய்திருந்த கோப்பில், ஒரு மானிட்டரைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஹீரோ ஒரு ப்ரோக்ராமர்! எங்களுக்கு அது போதும். அதுவரை நாங்கள் பார்த்த உளவாளிகள் எல்லாம் கோட் சூட் போட்டு கார் ஓட்டினார்கள். இவன் கோட் எழுதினான். எம்.ஐ.டி.யில் படித்த ஜேம்ஸ் கிளேட்டன், பக்கத்தில் இருக்கும் திரைகளையெல்லாம் கம்பியில்லாமலே கைப்பற்றும் ‘ஸ்பார்டகஸ்’ என்று ஒரு ப்ரோக்ராம் எழுதி வைத்திருக்கிறான். டெல் கம்பெனி ஆட்கள் அவனைத் தேடி வருகிறார்கள். அவன் பாரில் சரக்கு ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான். எங்களுக்கோ மறு வருஷம் பிளேஸ்மென்ட் சீசன். உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது. ஆஃபர் லெட்டர் வாங்கிய சீனியர்களுக்கு ஜாயினிங் டேட் தள்ளிக்கொண்டே போனது. ஒரு கம்பெனி நம் பின்னால் ஓடி வருவதும் அதை நாம் வேண்டாம் என்பதும்தான் அந்த அறையில் இருந்த எட்டுப் பேருக்கும் படத்தின் உச்சக்கட்டம். மற்றதெல்லாம் போனஸ்.

கதை இதுதான். (இருபது வருஷத்துக்கு முந்தைய படம், எல்லாத் திருப்பத்தையும் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.) சி.ஐ.ஏ.வுக்கு ஆள் பிடிக்கும் வால்டர் பர்க், அதாவது பசீனோ, ஜேம்ஸைத் தேடி வருகிறார். ஜேம்ஸின் அப்பா 1990-ல் பெருவில் விமான விபத்தில் இறந்தவர். எண்ணெய்க் கம்பெனியில் வேலை என்றுதான் வீட்டுக்குத் தெரியும். அவர் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தார் என்று பர்க் கோடி காட்டுகிறார். முழுசாகச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். அந்தப் பாதி வாக்கியம்தான் தூண்டில். பையன் ‘ஃபார்ம்’ என்று அழைக்கப்படும் வர்ஜீனியா பயிற்சி முகாமுக்குப் போகிறான். லேலா என்ற சக மாணவி, ஜாக் என்ற சக மாணவன். காதல், போட்டி, வெடிகுண்டு, பொய் சொல்லப் பயிற்சி, பொய்யைக் கண்டுபிடிக்கப் பயிற்சி.

பர்க் முதல் வகுப்பிலேயே விதியைச் சொல்லிவிடுகிறார். இங்கே எதுவும் தோன்றுவதுபோல இல்லை, எல்லாமே சோதனை. ஹாஸ்டலில் அதைக் கேட்டு நாங்கள் விசிலடித்தோம். இப்போது முப்பதுகளின் நடுவில், பதிமூன்று வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருப்பவனாகக் கேட்கும்போது, அது ஒரு ஆசிரியர் மாணவனிடம் சொல்லக்கூடாத வாக்கியம் என்று தோன்றுகிறது.

எங்கள் தொழிலில் இரண்டு உலகம் உண்டு. ஸ்டேஜிங் ஒன்று, புரொடக்‌ஷன் ஒன்று. ஸ்டேஜிங்கில் நீங்கள் டேபிளை அழிக்கலாம், சர்வரைக் கவிழ்க்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. புரொடக்‌ஷனில் ஒரு கமா தப்பினால் எங்கோ ஒருவரின் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறாது. அதனால் நாங்கள் புரொடக்‌ஷன் டெர்மினலின் பின்னணியைச் சிவப்பாக்கி வைப்போம். எங்கே நிற்கிறோம் என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பொறியியலில் பாதி புத்திசாலித்தனம் அந்தச் சிவப்பு நிறத்தில்தான் இருக்கிறது. பர்க் செய்வது என்னவென்றால், அந்தச் சிவப்பை எடுத்துவிடுகிறார். இனி மாணவனுக்கு எது ஸ்டேஜிங், எது புரொடக்‌ஷன் என்று தெரியாது. பர்க் சொன்னால்தான் தெரியும்.

படத்தின் பெயர் பெற்ற காட்சி இங்கேதான் வருகிறது. வெளியே ஒரு பயிற்சியின்போது ஜேம்ஸையும் லேலாவையும் யாரோ கடத்திவிடுகிறார்கள். அவனை ஒரு அறையில் அடைத்து நாள்கணக்கில் வதைக்கிறார்கள். பயிற்சியாளர்களின் பெயரைச் சொல் என்பதுதான் கேள்வி. அவன் சொல்லவில்லை. லேலாவைத் துன்புறுத்துவோம் என்று மிரட்டும்போது உடைந்து சொல்லிவிடுகிறான். உடனே சுவர் திறக்கிறது. அந்தப் பக்கம் பர்க். அந்தப் பக்கம் வகுப்பு. சக மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜேம்ஸ் ஃபெயில்.

மூன்றாவது தடவை பார்க்கும்போது நான் ஜேம்ஸைப் பார்க்கவில்லை, அந்த வகுப்பைப் பார்த்தேன். ஒருவன் அழுக்கும் ரத்தமுமாய் நிற்கிறான். உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் அது அநியாயம் என்று தோன்றியதாகத் தெரியவில்லை. அது பாடம், நோட்ஸ் எடுக்க வேண்டிய விஷயம். கேமரா அவர்கள்மேல் அதிக நேரம் நிற்பதில்லை. டொனால்ட்சனுக்கு அவசரம், அடுத்த திருப்பத்துக்குப் போக வேண்டும். ஆனால் இந்தப் படத்துக்குள் ஒரு நல்ல படம் ஒளிந்திருக்கிறது என்றால் அது அந்த முகங்களில்தான் இருக்கிறது. இவன் தோற்றது ஒரு பெண்ணைக் காப்பாற்றியதற்காக. சாதாரண வாழ்க்கையில் அதற்குப் பெயர் வேறு. அந்த அறையில் மட்டும் அதற்குப் பெயர் பலவீனம்.

அடுத்து பர்க் அவனைத் தேடி வந்து, நீ தோற்றதே ஒரு நாடகம்தான் என்கிறார். உன்னை உண்மையில் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நீ இனிமேல் ‘நாக்’. தூதரக வேலை என்ற போர்வைகூட இல்லாமல், அரசாங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவனாக இயங்கும் உளவாளி. லேலாதான் துரோகி, அவளைக் கண்காணி. இதைச் சொல்லும்போது பசீனோவின் குரல் தணிந்து, கிட்டத்தட்ட அப்பாவின் குரலாகிறது. கவனித்துப் பாருங்கள். கடத்தல் நிஜமல்ல, சோதனை என்றார்கள். தோல்வி நிஜமல்ல, அதுவும் சோதனை என்கிறார்கள். இந்த இரண்டாவது படியில்தான் பையன் முழுசாக விழுகிறான். முதல் பொய்யை மன்னிப்பதற்கு ஒருவருக்குக் கொஞ்சம் மனசு வேண்டும். இரண்டாவது பொய் நமக்குச் சாதகமாக இருந்துவிட்டால் மன்னிக்கக்கூட வேண்டியதில்லை, நன்றி சொல்லத் தோன்றும்.

டெக்னிக்கல் பக்கத்தைப் பற்றி நீங்கள் எதிர்பார்ப்பீர்கள் என்று தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேலா திருடுவதாகச் சொல்லப்படும் வைரஸின் பெயர் ‘ஐஸ்-9’. கர்ட் வானகட்டின் 1963 நாவலில் வரும், தொட்ட தண்ணீரையெல்லாம் உறைய வைக்கும் பொருளின் பெயர். நல்ல பெயர். ஆனால் அது மின்சாரக் கம்பி வழியாகப் பரவும் என்கிறார்கள். ப்ளக்கில் செருகியிருந்தால் போதுமாம். அப்படியென்றால் எங்கள் வீட்டு மிக்ஸிக்கும் ஆபத்து. அதே சமயம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். உலகத்திலேயே பாதுகாப்பான கட்டடத்திலிருந்து ரகசியம் வெளியே போவது ஒரு காபி குடுவையின் அடியில் ஒளித்த சின்ன யு.எஸ்.பி. துண்டில். 2003-ல் அது கொஞ்சம் விளையாட்டாகத் தெரிந்திருக்கும். பத்து வருஷம் கழித்து, 2013-ல், சி.ஐ.ஏ.வில் கம்ப்யூட்டர் ஆளாக இருந்த ஒரு இளைஞர், எட்வர்ட் ஸ்னோடென், என்.எஸ்.ஏ.வின் ரகசியங்களோடு ஹாங்காங் போய் இறங்கியபோது யாரும் சிரிக்கவில்லை.

பசீனோதான் வில்லன் என்று படம் கடைசியில்தான் சொல்கிறது. நமக்கு முதல் காட்சியிலேயே தெரியும். இது படத்தின் பெரிய ஓட்டை என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். 1997-ல் ‘தி டெவில்ஸ் அட்வகேட்’ படத்தில் கியானு ரீவ்ஸை ஆசை காட்டிக் கூட்டிப்போன அதே மனிதர். இளைஞன் ஒருவன் தோளில் கை போடும் பசீனோவை எந்த ரசிகனும் நம்பமாட்டான். ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரி தோன்றியது. நமக்குத் தெரிகிறது, ஜேம்ஸுக்கு ஏன் தெரியவில்லை? அவன் முட்டாள் இல்லை. அவனுக்கு அப்பா இல்லை. தன் திறமையைப் பார்த்து ஒருவர் தேடி வந்திருக்கிறார், அது போதும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் நம்மை ‘நீ ஸ்பெஷல்’ என்று சொன்ன மேனேஜரை நாம் எத்தனை பேர் சந்தேகப்பட்டிருக்கிறோம்?

இப்போது ஜாக். யூனியன் ஸ்டேஷனில் லேலாவைப் பின்தொடரும் ஜேம்ஸ், அவள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறவனைத் துரத்துகிறான். சண்டை. சுடுகிறான். விழுந்தவன் ஜாக். ஃபார்மில் கூடவே படித்தவன். துரோகியும் இல்லை. பதறிப்போய் பர்க்கிடம் ஓடுகிறான். பர்க் அமைதியாகச் சொல்கிறார்: ஜாக் சாகவில்லை, துப்பாக்கியில் இருந்தது வெற்றுத் தோட்டா, எல்லாம் பயிற்சியின் பகுதி.

ஜேம்ஸ் அதை நம்ப விரும்புகிறான். அந்தச் சில நொடிகள் ஃபாரெலின் முகத்தில் நன்றாகவே வருகின்றன. கண்ணெதிரே ஒருவன் ரத்தம் வடிந்து சாவதைப் பார்த்தவன், ‘ஒருவேளை டெஸ்ட்டாகத்தான் இருக்குமோ’ என்று யோசிக்கிறான். பயிற்சி அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஒரு கண்ணாடி நொறுங்கிச் சிதறும்போதுதான் தோட்டா நிஜம் என்று அவனுக்குப் புரிகிறது. அப்படியென்றால் ஜாக்கும் நிஜம். படம் இந்த இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அடுத்த பத்து நிமிஷமும் துரத்தலும் மிரட்டலும்தான். ஜாக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஹீரோ ஒரு நிரபராதியைக் கொன்றிருக்கிறான், படம் அதை மறந்தே போய்விடுகிறது. இந்தப் படத்தின்மேல் எனக்குள்ள ஒரே உண்மையான கோபம் இதுதான். மின்சாரத்தில் பரவும் வைரஸைக்கூட மன்னித்துவிடலாம்.

இங்கே என் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் லீடாக இருந்தபோது ஒரு ஃப்ரெஷர் வந்தாள். மேலே சொன்ன பெண்தான். கல்லூரி முடித்து நேராக வந்தவள், வேகமாகக் கற்றுக்கொள்வாள், எங்கள் எல்லோரையும் ‘அண்ணா’ என்பாள். ஆன்-கால் வேலைக்கு, அதாவது ராத்திரி சிஸ்டம் விழுந்தால் எழுந்து பார்க்கிற முறைக்கு, அவளைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. முறையாகச் செய்வதற்கு வழிகள் உண்டு. தேதி சொல்லி, ‘இது ட்ரில்’ என்று தலைப்புப் போட்டு, செயற்கையாக ஒரு கோளாறை உண்டாக்கிப் பழக்குவது. எனக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. நிஜமான பதற்றத்தில் எப்படி நடந்துகொள்கிறாள் என்று பார்க்க ஆசை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் ஓட்டிய ஸ்க்ரிப்ட்டில் கிளையன்ட்டின் டேட்டா அழிந்துவிட்டது என்று சொன்னேன். நம்பும்படியாக லாக் எல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். கிளையன்ட் பெயரில் ஒரு கோபமான மெயில்கூட. இப்போது நினைத்தால் அந்த மெயிலை எழுத நான் எடுத்துக்கொண்ட சிரத்தை அருவருப்பாக இருக்கிறது.

அவள் விடிகாலை மூன்று மணி வரை உட்கார்ந்தாள். பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடி, பாதி டேட்டாவை மீட்டு, மீதிக்கு வழி எழுதி வைத்தாள். பிரமாதமான வேலை. நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்து ஊரில் இருக்கும் அப்பாவிடம் போனில் அழுதிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். ராஜினாமா மெயிலும் எழுதி டிராஃப்ட்டில் வைத்திருந்தாள். மறுநாள் எல்லோரையும் அழைத்து, ‘இது ஒரு டெஸ்ட்தான்மா, நீ சூப்பரா பாஸ் பண்ணிட்ட’ என்றேன். டீமில் எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். சுவர் திறந்ததும் நான் அந்தப் பக்கம் நின்றிருந்தேன். வகுப்பும் உட்கார்ந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து நிஜமாகவே ஒரு ராத்திரி சிஸ்டம் விழுந்தது. ஆன்-காலில் அவள். அலெர்ட் அடித்துக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிஷம் யாரும் எடுக்கவில்லை என்று அது என் போனுக்கு வந்தது. கூப்பிட்டேன். முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

‘ஏன்மா எடுக்கல?’

‘இது நிஜமா அண்ணா?’

அவளுக்குப் பயமோ சோம்பேறித்தனமோ இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டு, லாக்கில் எங்காவது என் கைவரிசை தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்பது நிமிஷம். மறுநாள் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் ‘ரெஸ்பான்ஸ் தாமதம்’ என்று அவள் பெயருக்கு எதிரே பதிவானது. காரணம் என்னவென்று நான் அந்தக் கூட்டத்தில் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

படத்துக்குத் திரும்புகிறேன். ஃபார்மில் ஆசிரியராக இருந்துகொண்டே ஏஜென்சியை விற்ற பர்க், திரைக்கதை எழுதியவர்களின் முழுக் கற்பனை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஹெரால்ட் நிக்கல்சன் என்ற ஒருவர் நிஜமாகவே இருந்தார். சி.ஐ.ஏ. அதிகாரி. 1994-ல் கோலாலம்பூரில் இருந்தபோது ரஷ்ய உளவுத்துறைக்கு விற்க ஆரம்பித்தார். அதன்பின் இரண்டு வருஷம் ஃபார்மில் பயிற்சியாளர். தன் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்களின் அடையாளங்களையே ரஷ்யர்களுக்குக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் முன்பே அவர்களின் முகமூடி கிழிந்துவிட்டது. வழக்கமான லை டிடெக்டர் சோதனையில் அவர் தடுமாறியதுதான் அதிகாரிகளின் சந்தேகத்தைக் கிளப்பியது. படத்தில் ஜேம்ஸும் லேலாவும் அதே கருவியை வைத்துக்கொண்டு கொஞ்சி விளையாடுகிறார்கள். 1996 நவம்பரில் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் நிக்கல்சன் கைதானார். 1997-ல் 23 வருஷம் 7 மாதம் சிறை.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை இங்கே சொல்லியிருக்கவே மாட்டேன். அப்பா கைதானபோது நிக்கல்சனின் இளைய மகனுக்கு வயது பன்னிரண்டு. பையன் வளர்ந்து, ராணுவத்தில் சேர்ந்து, காயத்தோடு வெளியே வந்து, மனசு உடைந்திருந்த நேரம். ஓரிகனில் இருந்த சிறைக்கு அப்பாவைப் பார்க்கப் போவான். 2006-ல் அந்தச் சந்திப்பு அறையில் வைத்தே அப்பா மகனை ரெக்ரூட் செய்தார். கசக்கி மடித்த காகிதத் துண்டுகளில் குறிப்பு எழுதிக் கொடுத்து ரஷ்யர்களிடம் அனுப்பினார். சான் பிரான்சிஸ்கோ, மெக்சிகோ சிட்டி, பெருவில் லிமா, சைப்ரஸில் நிக்கோசியா. மகன் மொத்தம் சுமார் 47,000 டாலர் வாங்கி வந்தான். அப்பா அவனுக்குக் கொடுத்தது பணமில்லை, பயிற்சி. எப்படி நடக்க வேண்டும், எப்படித் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று. சிறையில் இருந்த அப்பா தன்னை நம்பி ஒரு பொறுப்பு தருகிறார் என்பதுதான் பையனுக்குப் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கடைசியில் எஃப்.பி.ஐ. பிடித்தது. மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததால் சிறை இல்லாமல் ஐந்து வருஷ நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பித்தான். அப்பாவுக்கு 2011-ல் இன்னும் எட்டு வருஷம்.

படம் வெளியானபோது இந்த இரண்டாம் பாகம் நடந்திருக்கவே இல்லை. ஆனால் பெரு, அப்பா, ஃபார்ம், ரெக்ரூட் எல்லாம் திரையில் ஏற்கெனவே இருந்தன. தற்செயல்தான், அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நிஜத்தில் நடந்தது ஒரு அப்பா மகனின் பாசத்தைச் சம்பளமாக எடுத்துக்கொண்ட கதை. சினிமாவிலும் அதே கதைதான் ஆரம்பிக்கிறது. ஆனால் சினிமா கெட்ட அப்பா ஒருவரைச் சுட்டுவிட்டு, ஏஜென்சியை நல்ல அப்பாவாக நிறுத்துகிறது.

அதற்குக் காரணம் ஒன்று வெளிப்படையாகவே இருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்து ஹாலிவுட்டோடு பேசுவதற்கென்றே சி.ஐ.ஏ. ஒரு அதிகாரியை வைத்திருந்தது. சேஸ் பிராண்டன் என்று பெயர். இந்தப் படத்துக்கும் அவர் ஆலோசகர். ஆகவே ஏஜென்சிக்குள் ஒரு அழுகிய பழம் இருக்கலாம், கூடை அழுகியதாக இருக்கக்கூடாது. படம் அமெரிக்காவில் வெளியான நாள் 2003 ஜனவரி 31. ஐந்தே நாள் கழித்து, பிப்ரவரி 5-ம் தேதி, காலின் பவல் ஐ.நா.வில் உட்கார்ந்து இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகப் பேசினார். அவருக்குப் பின்னாலேயே சி.ஐ.ஏ. இயக்குநர் ஜார்ஜ் டெனெட் உட்கார்ந்திருந்தார். எதுவும் தோன்றுவதுபோல இல்லை என்று பர்க் தியேட்டரில் சொல்லிக்கொண்டிருந்த அதே வாரம்!

நம் பக்கம் இதே விஷயத்தை நேர்மையாகத் தொட்ட படம் மேக்னா குல்சாரின் ‘ராஸி’ (2018). ஹரிந்தர் சிக்காவின் நாவலை வைத்து எடுத்தது. 1971 போருக்கு முன்பு, காஷ்மீரப் பெண் ஸெஹ்மத்தை அவள் அப்பாவே உளவு வேலைக்குக் கொடுக்கிறார். அங்கேயும் ஒரு ஆசிரியர் உண்டு. காலித் மீர். ஜெய்தீப் அஹ்லாவத் குரலை உயர்த்தாமல் செய்திருப்பார். அவருக்கும் மாணவிமேல் பிரியம் இருக்கிறது. அவள் மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்றதும் அவளையும் சேர்த்துக் கொல்லும் முடிவை எடுப்பவரும் அவர்தான். குண்டு வெடிக்கிறது, சாவது அவளில்லை. அவள் தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் மீரிடம் வந்து உடைகிற இடத்தில், தன்னால் செத்தவர்கள் எல்லோரும் அவளுக்கு நினைவிருக்கிறார்கள். ஜேம்ஸுக்கு ஜாக் நினைவில்லை. எந்தப் படம் பெரிசு என்று கேட்டால் எனக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும். (தமிழில் உளவாளிகளுக்குக் குறைவில்லை. 1986 ‘விக்ரம்’ தொடங்கி ஒரு வரிசையே இருக்கிறது. மாணவ உளவாளி எனக்கு ஒருவன்கூட ஞாபகம் வரவில்லை. நம்மவர்கள் பிறக்கும்போதே ஏஜென்ட்.)

கடைசிக் காட்சி. கிடங்கில் ஜேம்ஸ் லேப்டாப்பைத் திறந்து, நீங்கள் பேசியது முழுக்க ஸ்பார்டகஸ் வழியாக ஏஜென்சிக்குப் போய்விட்டது என்கிறான். பொய். எதுவும் போகவில்லை. வெளியே வந்து நிற்கும் ஆயுதப் படை ஜேம்ஸைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறது. பர்க் அதைத் தனக்கென்று நினைத்து, இத்தனை வருஷமாகத் தன்னைச் சக்கையாகப் பிழிந்த ஏஜென்சியைப் பற்றி வெளிச்சத்தில் நின்று ஒரு பிரசங்கமே நடத்திவிடுகிறார். பசீனோ அனுபவித்துச் செய்யும் இடம். பேசிமுடித்த பிறகுதான் ஏமாந்தது புரிகிறது. தோட்டா இல்லாத துப்பாக்கியை உயர்த்துகிறார், சுடுகிறார்கள். ஹாஸ்டலில் நாங்கள் கைதட்டிய இடம் இது. மாணவன் குருவை ஜெயித்துவிட்டான்!

இப்போது பார்த்தால், மாணவன் குருவுக்கு ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறான், அவ்வளவுதான். சிவப்பு நிறத்தை எடுத்துவிட்டு ஒருவரை நம்ப வைப்பது எப்படி என்பதை நன்றாகக் கற்றிருக்கிறான். அதன்பின் காரில் போகும்போது ஏஜென்சி ஆள், இதெல்லாம் உன் ரத்தத்திலேயே இருக்கிறது என்ற தொனியில் அப்பாவை ஞாபகப்படுத்துகிறார். மறுபடியும் பாதி வாக்கியம். மறுபடியும் தூண்டில். ஜேம்ஸ் காரில் உட்கார்ந்திருக்கிறான். இறங்கவில்லை.

அந்தப் பெண் போனில் கேட்டது இதுதான். அவள் இப்போது வேறு கம்பெனியில் லீட். ‘அண்ணா, எங்க டீம்ல ஒரு ஃப்ரெஷர் வந்திருக்கான். நீங்க எனக்குப் பண்ணீங்களே, அதே மாதிரி ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன். அந்த ஃபேக் லாக் எல்லாம் எப்படி ரெடி பண்ணீங்க?’ குரலில் குத்தலே இல்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மறுநாள் காலையில் மெசேஜ் எழுதினேன். ட்ரில் என்றால் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடு, தலைப்பில் ட்ரில் என்று போடு, கிளையன்ட் பெயரில் எதுவும் அனுப்பாதே. அப்புறம், அந்த ஆய்வுக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்காதது என் தப்பு என்றும் எழுதினேன். அதை எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன். மதியம் பதில் வந்தது.

‘ஓகே அண்ணா. ஆனா தேதி சொல்லிட்டா அவன் எப்படிப்பட்டவன்னு எனக்கு எப்படித் தெரியும்?’

டைப் செய்ய ஆரம்பித்தேன். ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். சாயங்காலம் அவளுக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினோம்.